லேபிள்ல அதே செக்கு மாடு வேண்டாம்: பிராண்டுக்குன்னு படம் வரைய வைக்கிறது எப்படி

ஏதாவது ஒரு இயற்கை அங்காடிக்குப் போய் மரச்செக்கு எண்ணெய் அடுக்கியிருக்குற ரேக் முன்னாடி நின்னு பாருங்க. முக்கால்வாசி பாட்டில்ல ஒரே படம். ஒரு மாடு செக்கைச் சுத்துது, பக்கத்துல தலைப்பாகை கட்டுன தாத்தா, பின்னாடி தென்னைமரம், அதுக்கும் பின்னாடி சூரியன். பேரை மட்டும் விரலால மறைச்சுட்டா எது யாரோட பாட்டில்னு முதலாளிக்கே தெரியாது. இதுல கூத்து என்னன்னா, அந்த எண்ணெயில பெரும்பாலானதை ஆட்டுறது மோட்டார், மாடு லேபிள்ல மட்டும்தான் இருக்கு.

நான் சின்ன உணவு பிராண்டுகளுக்கு லேபிளும் பவுச்சும் டிசைன் பண்றவன். நமக்குன்னு ஒரு படம் வரைய வைக்கலாமான்னு யாராவது கேட்டா பேச்சு "எவ்வளவு ஆகும்"ல ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்சுடுது. யார்கிட்ட போறது, என்ன சொல்லி வரையச் சொல்றது, என்ன எழுதி வாங்கிக்கறது, பிரிண்ட்ல போனா என்ன ஆகும், இதையெல்லாம் யாரும் கேட்கறதே இல்லை, அதைத்தான் இங்க எழுதறேன். எண்ணெய், பொடி, ஊறுகாய், காபித்தூள், சோப்புன்னு எது பண்றவங்களுக்கும் இது பொருந்தும்.

படம் எதுக்கு

நம்ம ஊர்ல பொருளைப் படத்தை வச்சுக் கேட்கற பழக்கம் ரொம்பப் பழசு. சேவல் மார்க் குடுங்க, குதிரை மார்க் குடுங்கன்னுதான் கடையில கேட்பாங்க, எழுத்து தெரியாதவங்களுக்கும் சேவல் தெரியும்ல. 1920கள்ல சிவகாசில தீப்பெட்டித் தொழில் ஆரம்பிச்சதுல இருந்து அந்தத் துளியூண்டு லேபிளுக்குள்ள கிளி, யானை, புலின்னு அடிச்சுத் தள்ளினது சும்மா அழகுக்கு இல்ல, உள்ள இருக்குற குச்சி எல்லாப் பெட்டிலயும் ஒண்ணுதான், வெளிய இருக்குற படம்தான் ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனில இருந்து பிரிச்சுக் காட்டுச்சு.

காலண்டர் கதை கொஞ்சம் வேற மாதிரி. கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைஞ்ச சாமி படம் வீடு வீடாப் போனப்ப அடியில அச்சடிச்ச மளிகைக்கடை பேரும் சேர்ந்து போச்சு, அது கடைக்கு லாபம்தான். ஆனா அதே முருகன் அடுத்த தெரு ஜவுளிக்கடை காலண்டர்லயும் சிரிச்சுட்டு இருப்பார். யாருக்கும் முருகன் ஞாபகம் இருக்கும், கடை ஞாபகம் இருக்காது. இப்ப ஸ்டாக் சைட்ல, அதாவது ரெடிமேட் படங்களை யாருக்கு வேணா விக்கிற சைட்ல இருந்து எடுத்து ஒட்டுற படத்துக்கும் இதே கதிதான்.

இதுக்கு நேர் எதிரா ஏசியன் பெயிண்ட்ஸுக்கு 1954ல ஆர்.கே.லட்சுமண் வரைஞ்ச கட்டுங்கற பையனைப் பாருங்க, கையில பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவுமா நிப்பான். 1966ல சில்வெஸ்டர் டகுன்யாவும் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும் சேர்ந்து உருவாக்கின அமுல் பொண்ணைப் பாருங்க, புள்ளி போட்ட கவுன், நீலக் கலர் முடி, இன்னைக்கும் ஹோர்டிங்ல நின்னு ஊர் வம்பு பேசிட்டு இருக்கா. எழுத்தையே எடுத்துட்டாலும் யாருதுன்னு சொல்லிடுவோம். வெண்ணெய் எல்லாரும் விக்கலாம், அந்தப் பொண்ணை வேற யாரும் வச்சுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கறது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை. சொந்தமா வரைய வச்சாலே தனியாத் தெரிஞ்சுடும்னு இல்ல. 2017ல ஃபேஸ்புக்குக்காக பக்ங்கற ஸ்டுடியோ அலெக்ரியான்னு ஒரு ஸ்டைல் பண்ணுச்சு, நீள நீளமா கை கால், குட்டித் தலை, ஊதா நீலம்னு தோல் கலர். அது வந்தப்ப புதுசுதான். அப்புறம் லோன் ஆப், இன்சூரன்ஸ் சைட், கோச்சிங் சென்டர்னு ஆளாளுக்கு அதே மாதிரி வரைய வச்சு இப்ப எதைத் திறந்தாலும் ஒரே ஆப்பைத் திறந்த மாதிரி இருக்கு. "இப்ப டிரெண்டுல இருக்குற ஸ்டைல்ல பண்ணிக் குடுங்க"ன்னு சொன்னீங்கன்னா காசு கொடுத்து கூட்டத்துக்குள்ள போய் நிக்கிறீங்கன்னு அர்த்தம்.

இப்ப செலவு பண்ண வேண்டாதவங்களும் இருக்காங்க. பொருளே இன்னும் செட் ஆகல, ஆறு மாசத்துல பேரை மாத்தினாலும் மாத்துவீங்க, தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் வித்துட்டு இருக்கீங்கன்னா நல்ல ஒரு எழுத்தை வச்சு சாதா ஸ்டிக்கர் அடிச்சு ஓட்டுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. வெறும் எழுத்து லேபிள், மாட்டு லேபிளை விட எவ்வளவோ மேல்.

வரையறதுக்கு முன்னாடி உங்களைத் தோண்டணும்

இந்த வேலையில முக்கியமான இடம் இதுதான், இங்க நேரம் செலவழிச்சா மத்ததெல்லாம் தானா வரும். ஈரோடு பக்கம் ஒரு எண்ணெய்க்காரர்கிட்ட நடந்த பேச்சு இது, பேர் வேண்டாம்.

"ஏனுங் தம்பி, மாடு போட்டாத்தானுங்க சனங்க நம்புவாங்க?"

"உங்க செக்குல மாடு இருக்குங்களாண்ணா?"

"இல்லீங்க, மோட்டாருதான். செக்கு மட்டும் வாகை மரமுங்க."

"சரிங்கண்ணா, மத்தவங்க பண்ணாதது ஏதாச்சும் நீங்க பண்றீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் பண்றதுதான்."

இந்த பதில் எல்லார்கிட்டயும் வரும், நம்பிடாதீங்க. தினமும் பண்ற வேலை நமக்குப் பெருசாத் தெரியாது. அதனால காலைல இருந்து என்னென்ன நடக்கும்னு வரிசையா சொல்லச் சொன்னேன். எள்ளு காயப்போடறது, செக்குல கொட்டறது, நடுவுல கருப்பட்டி சேர்க்கறது, பிண்ணாக்கு எடுக்கறதுன்னு சொல்லிட்டே வந்தவர், ஆட்டின எண்ணெயை அண்டாவுல ஊத்தி மொட்டை மாடில வெயில்ல தெளிய வைப்போம்னார். தூசி விழாதான்னு கேட்டேன். அதுக்குன்னே வாங்கி வச்ச வெள்ளை வேட்டியை அண்டா வாய்ல இழுத்துக் கட்டிருவோம், பச்சைக் கரை வேட்டி, ஆனா அது மேல காக்கா வந்து உக்காந்துக்கும், வீட்டுக்காரி குச்சியோட துரத்திட்டே இருப்பான்னு சிரிச்சார்.

படம் கிடைச்சிருச்சு. வேட்டி கட்டின அண்டா, கைப்பிடிச் சுவர் மேல திமிரா ஒரு காக்கா, குச்சியோட ஒரு அக்கா. எந்த ஸ்டாக் சைட்லயும் இது கிடையாது, ஏன்னா இது அந்த மாடில மட்டும்தான் நடக்குது. கூடவே எண்ணெயைத் தெளிய வச்சுத்தான் குடுக்கறாங்கங்கற விஷயமும் ஒரு வார்த்தை எழுதாமலே லேபிள்ல வந்துருது.

காக்கான்னதும் அண்ணன் தயங்கினார், சனி வாகனமாச்சே, பாட்டில்ல போடலாமான்னு. அக்காதான் உள்ள இருந்து வந்து, "நல்லெண்ணெய் வெளக்கு போடறதே சனிக்கெழமதானுங்க, நீங்க எண்ணெ தேச்சுக் குளிக்கறதும் அன்னைக்குத்தான், காக்கா இருந்துட்டுப் போவுட்டும்"னு முடிச்சு வச்சாங்க. இந்த மாதிரி நம்பிக்கை, கலர் சென்டிமெண்ட், சாமி விஷயம் எல்லாத்தையும் ஸ்கெட்ச் போடறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, ஃபைனல் முடிஞ்சப்புறம் பெரியப்பா வந்து வேண்டாம்னு சொன்னா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

அடுத்து கவனிக்க வேண்டியது, படத்துல இருந்து டிசைன் எப்படி வளருதுன்னு. அந்த வேட்டியோட பச்சைக் கரை அப்படியே நீண்டு பாட்டிலைச் சுத்தி ஒரு பட்டையா ஓடுச்சு. நல்லெண்ணெய்க்குப் பச்சைக் கரை, கடலெண்ணெய்க்கு அரக்குக் கரை, தேங்காயெண்ணெய்க்கு நீலக் கரை. ரேக்ல தூரத்துல இருந்தே கரையை வச்சு எந்த எண்ணெய்னு தெரியும். காக்கா மட்டும் தனியா மூடி மேலயும் வாட்ஸ்அப் டிபிலயும் போச்சு. ஒரே படம்தான், ஆனா மொத்த பிராண்டும் அதுல இருந்து வந்துருச்சு. வரையச் சொல்லும்போதே "இதுல இருந்து பிரிச்சு எடுத்துத் தனியா வைக்கிற மாதிரி ரெண்டு மூணு சாமான் வேணும்"னு சொல்லிருங்க, அப்பதான் ஆர்ட்டிஸ்ட் காக்காவைச் சுவரோட ஒட்டி வரையாம தனி லேயர்ல (தனியாப் பிரிச்சு எடுக்க முடியற அடுக்குல) வைப்பாங்க.

ஆளைப் பிடிக்கிறது

இன்ஸ்டாகிராம், ஆர்ட்டிஸ்டுங்க தங்களோட வேலையைப் போட்டு வைக்கிற பிஹான்ஸ் சைட், ரெண்டுலயும் தேடலாம். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகள்ல படிச்சு வெளிய வந்த பசங்க நிறைய பேர் ஃப்ரீலான்ஸா பண்றாங்க, அண்டாவும் வேட்டியும் எப்படி இருக்கும்னு அவங்களுக்கு நீங்க விளக்க வேண்டியதில்ல, இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும் ஆனா நிறைய நேரம் மிச்சம். ஒருத்தரோட பழைய வேலையைப் பார்த்துட்டு அந்தக் கை பிடிச்சா மட்டும் போங்க. மென்மையா வாட்டர்கலர் பண்றவங்கிட்ட போய் கெட்டிக் கோடு போட்ட கார்ட்டூன் கேட்காதீங்க.

"ஒரு சாம்பிள் ஃப்ரீயா பண்ணிக் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றோம்" - இது மட்டும் வேண்டாமே. சாம்பிள் வேணும்னா அதுக்குன்னு ஒரு தொகை பேசிக் குடுங்க. காசு கொடுத்தா தைரியமா திருத்தமும் சொல்லலாம்.

எழுதிக் குடுக்கற பிரீஃப் ஒரு பக்கம் போதும். யார் வாங்கறாங்க, படத்துல என்ன நடக்கணும், எது இருக்கவே கூடாது, எங்கெல்லாம் அச்சாகும், சைஸ் என்ன, எந்தத் தேதிக்கு வேணும். கூடவே போன்ல எடுத்த நிஜ போட்டோ, அண்டா எப்படி, வேட்டி முடிச்சு எப்படி, மாடி சுவர் எப்படின்னு. பின்டரெஸ்ட் படம் அனுப்பறதா இருந்தா அதுல எது பிடிச்சிருக்குன்னு பக்கத்துல எழுதுங்க, கலரா, கோடா, ஆளோட முகபாவமா. சும்மா இருபது படத்தை ஃபார்வர்டு பண்ணி "இதே மாதிரி"ன்னா ஆர்ட்டிஸ்ட் ஒண்ணு குழம்பிடுவாங்க, இல்ல காப்பி அடிச்சுடுவாங்க, காப்பி அடிச்சது உங்க லேபிள்ல வந்தா கேள்வி வர்றது உங்களுக்குத்தான்.

ஏஐல பண்ணிக்கலாமேன்னு கேட்பீங்க. ஐடியா பார்க்க, ஆர்ட்டிஸ்ட்கிட்ட "இந்த மாதிரி கோணம்"னு காட்ட யூஸ் பண்ணுங்க, நானும் பண்றேன். ஆனா நல்லெண்ணெய்ல வந்த அதே அக்கா கடலெண்ணெய் லேபிள்லயும் அதே மூக்கு, அதே மூக்குத்தியோட வரணும், அங்கதான் அது படுத்தும். மிஷின் போட்ட படத்துக்குக் காப்பிரைட் யாருக்குங்கறதும் நம்ம நாட்டுல இன்னும் முடிவாகாத விவகாரம். உங்களுக்கு மட்டுமே சொந்தமா ஒண்ணு வேணும்னு கிளம்பிட்டு அங்க போய் நிக்கறது எனக்கு சரியாப் படல.

ரஃப்ல பேசுங்க, ஃபைனல்ல பேசாதீங்க

வேலை பொதுவா மூணு கட்டமாப் போகும். முதல்ல பென்சில்ல கிறுக்கின மாதிரி ரெண்டு மூணு ரஃப் வரும், அப்புறம் ஒண்ணை எடுத்து சுத்தமா கோடு போடுவாங்க, கடைசியா கலர். அக்கா இடது பக்கமா வலது பக்கமா, அண்டா பெருசா சின்னதா, இதெல்லாம் ரஃப்லயே முடிச்சிரணும், அங்க மாத்த அஞ்சு நிமிஷம், கலர் போட்டப்புறம் மாத்த ஒரு நாள். எத்தனை தடவை திருத்தம் இலவசம், அதுக்கு மேல போனா எவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. அட்வான்ஸ் பாதி, ஃபைல் கைக்கு வரும்போது மீதிங்கறது வழக்கம்.

திருத்தம் சொல்றதுக்கும் ஒரு முறை இருக்கு. "ஏதோ குறையுது", "இன்னும் கொஞ்சம் ரிச்சா" இதெல்லாம் யாருக்கும் உதவாது. "கண்ணு காக்காகிட்டயே நின்னுடுது, அக்கா முகத்துக்குப் போகவே மாட்டேங்குது"ன்னு சொன்னா ஆர்ட்டிஸ்ட்டுக்கு என்ன பண்ணணும்னு உடனே தெரியும். என்ன பிரச்சனைன்னு நீங்க சொல்லுங்க, எப்படி சரி பண்றதுன்னு அவங்க பார்த்துப்பாங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு ஓட்டு எடுக்காதீங்க, பதினஞ்சு பேர் சொன்னதையும் சேர்த்தா படம் மறுபடியும் மாடு, தாத்தா, தென்னைமரத்துலதான் போய் முடியும். முடிவு எடுக்கறது ஒருத்தரா இருக்கட்டும்.

ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க

இதை சீரியஸாப் படிங்க. நீங்க காசு கொடுத்துட்டதாலயே படத்தோட காப்பிரைட் உங்களுக்கு வந்துடும்னு நினைக்க வேண்டாம். உங்க கம்பெனில சம்பளத்துக்கு இருக்கறவங்க வேலையில வரைஞ்சா வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் அது கம்பெனிக்கு. ஃப்ரீலான்ஸ் ஆர்ட்டிஸ்ட் விஷயத்துல அப்படி இல்ல, பொதுவா வரைஞ்சவங்கதான் முதல் ஓனர். காசு கொடுத்து வரையச் சொன்ன பெயிண்டிங், போர்ட்ரெய்ட்டுக்கு 1957ஆம் வருஷ காப்பிரைட் சட்டத்துல தனியா ஒரு விதி இருக்கு, ஆனா உங்க லேபிள் படம் அதுக்குள்ள வருமா வராதான்னு பின்னாடி வக்கீல் வச்சு வாதாடறதை விட இப்பவே ஒரு பக்கம் எழுதி கையெழுத்து வாங்கறது ஈஸி.

அதே சட்டத்தோட 19ஆவது பிரிவுதான் நிறைய பேரைக் கவுக்கற இடம். உரிமை மாத்திக் குடுக்கறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், வாய் வார்த்தை செல்லாது. எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும். எந்த ஏரியாவுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும், நாளைக்கு நீங்க சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ ஏத்துமதி பண்ணப் போனா மாட்டும். வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தலன்னா அது காலாவதி ஆகற விதியும் இருக்கு, வேற மாதிரி எழுதி வச்சுக்கிட்டா தப்பிக்கலாம். அதனால எந்தப் படம், என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், உலகம் முழுக்கவா, என்ன தொகை, பயன்படுத்தலன்னாலும் உரிமை தொடரும், இந்த ஆறையும் நேரா எழுதிருங்க. பெரிய தொகைன்னா வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிக்கோங்க.

ஆர்ட்டிஸ்ட் பக்கமும் நியாயம் இருக்கு. ஒரு லேபிளுக்கு மட்டும் குடுக்கற விலை வேற, காலம் பூரா எல்லா உரிமையும் எழுதிக் குடுக்கற விலை வேற, ரெண்டாவது கூடத்தான் இருக்கும், அதுக்காகச் சண்டை போடாதீங்க. உரிமையே வாங்கிட்டாலும் வரைஞ்சவர்னு சொல்லிக்கற உரிமையும், தன் பேர் கெடற மாதிரி படத்தைச் சிதைச்சா எதிர்க்கற உரிமையும் அவங்களுக்கு இருக்கு. அவங்க போர்ட்ஃபோலியோவுல போட்டுக்கலாம்னு ஒரு வரி சேர்த்து எழுதிக் குடுங்க, உங்களுக்கும் ஓசி விளம்பரம்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி

முதல்ல சட்டத்துக்கு இடம் ஒதுக்குங்க. சைவ உணவுப் பொருள்னா சைவக் குறி, அதாவது பச்சைக் கட்டத்துக்குள்ள பச்சை வட்டம், எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர், நிகர எடை, எம்ஆர்பி, தயாரிச்ச தேதி, முகவரி எல்லாம் லேபிள்ல வந்தே ஆகணும். டை லைனை, அதாவது லேபிளை எங்க வெட்டுவாங்கன்னு காட்டற கோட்டுப் படத்தை, ஆர்ட்டிஸ்ட்டுக்கு முதல் நாளே அனுப்பி எங்கெல்லாம் எழுத்து வரும்னு காட்டிடுங்க, இல்லன்னா அக்கா முகத்துல எம்ஆர்பி ஒட்டற நிலைமை வரும்.

படம் வெக்டரா, அதாவது பிக்சல் இல்லாம கோடும் வடிவமுமா இருக்குற ஃபைலா, இருந்தா எந்த சைஸுக்கும் இழுத்துக்கலாம். வாட்டர்கலர், பிரஷ் டெக்ஸ்சர்னா அச்சாகற சைஸ்லயே 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) வேணும், 10 செ.மீ. அகல லேபிளுக்கு கிட்டத்தட்ட 1181 பிக்சல். ஆனா லேபிளுக்கு மட்டும் பண்ணி வாங்கிட்டு நாளைக்கு அதையே கடை போர்டுக்கு இழுத்தா பிக்சல் பிக்சலா உடையும், அதனால ஆரம்பத்துலயே பெருசா வரையச் சொல்லுங்க. சுத்தியும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாம இருக்கக் கூடுதல் படம், விடணும். மொபைல்ல பளிச்சுனு தெரியற பச்சையும் ஆரஞ்சும் அச்சுக்கான நாலு மைக் கலவையான சிஎம்ஒய்கேல மங்கும், கலர் ஓகே பண்றதை பிரிண்ட் ப்ரூஃப் பார்த்துட்டுப் பண்ணுங்க, போன் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு இல்ல. சிவகாசி பக்கம் நிறைய பிரஸ்ல கோரல்டிராங்கற டிசைன் சாஃப்ட்வேர்தான் ஓடும், அங்க ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி தமிழ் எழுத்தை எல்லாம் கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா, மாத்திருங்க, மாத்தலன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஓடிப் போயிருக்கும்.

எண்ணெய்க்காரங்களுக்கு மட்டும் ரெண்டு விஷயம். சாதா பேப்பர் ஸ்டிக்கர் எண்ணெயைக் குடிச்சு நிறம் மாறிடும், பிபிங்கற பிளாஸ்டிக் ஸ்டிக்கரோ லேமினேஷனோ போடுங்க. டிரான்ஸ்பரன்ட் ஸ்டிக்கர்னா படத்துக்கு அடியில வெள்ளை இங்க் ஒரு லேயர் கேட்கணும், இல்லன்னா நல்லெண்ணெயோட கலர் பின்னாடி இருந்து எல்லாத்தையும் பழுப்பாக்கிடும், வெள்ளை வேட்டி காவி வேட்டி ஆகிடும். பவுச்சுக்கு கிராவூர்ங்கற சிலிண்டர் அச்சுல அடிக்கறதா இருந்தா ஒவ்வொரு கலருக்கும் ஒரு சிலிண்டர், கலர் கூடக் கூட செலவும் கூடும், ஆர்ட்டிஸ்ட்கிட்ட எத்தனை கலர்ங்கறதை முன்னாடியே சொல்லிருங்க.

எல்லாம் ஓகே ஆனதும் ஆபீஸ் பிரிண்டர்லயே நிஜ சைஸ்ல ஒண்ணு அடிச்சு பாட்டில்ல ஒட்டி, பக்கத்துல ரெண்டு போட்டி பிராண்டு பாட்டிலையும் வச்சு ஆறடி தள்ளி நின்னு பாருங்க. காக்கா தெரியுதா? அப்புறம் அதை வட்டமா வெட்டி டிபி சைஸுக்குச் சுருக்கிப் பாருங்க. வெறும் கருப்புத் திட்டாத் தெரிஞ்சா சின்ன சைஸுக்குன்னு கோடு குறைச்சு தனியா ஒரு வெர்ஷன் கேளுங்க, இது கேட்க எல்லாரும் மறந்துடுவாங்க.

கடைசியா ஃபைல் வாங்கும்போது லேயரோட இருக்குற ஒரிஜினல், அச்சுக்குப் பிடிஎஃப், பேக்ரவுண்ட் இல்லாத பிஎன்ஜி, கறுப்பு வெள்ளை வெர்ஷன் எல்லாம் வாங்கி ரெண்டு இடத்துல வச்சுக்கோங்க. கறுப்பு வெள்ளை எதுக்குன்னா அட்டைப்பெட்டி மேல ஒரே கலர்ல அடிக்கும்போது அதுதான் கை கொடுக்கும். காக்காவை டிரேட்மார்க்கா பதியறதும் நல்லது. தனிநபரோ சின்ன நிறுவனமோ ஆன்லைன்ல பதிஞ்சா அரசுக் கட்டணம் ஒரு கிளாஸுக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய், சமையல் எண்ணெய் 29ஆவது கிளாஸ்ல வரும், மசாலாப் பொடி, காபின்னா 30. கிடைச்சா 10 வருஷத்துக்கு இருக்கும், அப்புறம் புதுப்பிச்சுட்டே போகலாம். ஸ்டாக் சைட் படத்தை வச்சு இதுக்குப் போக முடியாது, லோகோவாவோ டிரேட்மார்க்காவோ வைக்கக் கூடாதுன்னு பெரிய ஸ்டாக் சைட்கள் லைசென்ஸ்லயே போட்டிருப்பாங்க.